கொக்கு செய்த குற்றமா? பறவைக் காய்ச்சல் பரவும் பாதை



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "மெக்கானிக்கல் பையன், எலெக்ட்ரிக் வண்டி பற்றியோ ரோபோ பற்றியோ எழுதுவான்" என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதப் போவது கோழியைப் பற்றி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். ஆனால் ஹாஸ்டல் மெஸ்ஸில் முட்டை போடும் நாளன்று வரிசையில் முதலில் நிற்பவர்களும் நீங்கள்தானே! அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எனக்குப் பாப்பாரப்பட்டி. தியாகி சுப்பிரமணிய சிவா 1925இல் கண்மூடிய மண். சரியாகச் சொன்னால் பாப்பாரப்பட்டியை ஒட்டிய ஒரு சின்ன ஊர். பஸ் கண்டக்டருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பாப்பாரப்பட்டி என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். அம்மா கூலி வேலைக்குப் போகிறார், கூடவே நாட்டுக்கோழி வளர்க்கிறார். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்று கட்டிய பணத்தில் பாதி, மாரியம்மன் பண்டிகைக்கு விற்ற சேவல்களின் பணம். ஆகவே கோழி எனக்குக் கறி மட்டும் அல்ல. டிராஃப்டரும் அதுதான், செமஸ்டர் ஃபீஸும் அதுதான்.

நான் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பங்குனி மாதம். தாய்க்கோழி, வெடை, சேவல், குஞ்சு எல்லாம் சேர்த்து எங்களிடம் 26 உருப்படி இருந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு வெடை மட்டும் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கி வழிந்தது. புதன்கிழமைக்குள் ஆறு ஆகிவிட்டது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமடித்தன. அம்மா மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி வாயில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. பார்க்க நன்றாக இருந்த இரண்டு சேவலை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் 19 கோழி செத்துப்போய், மிஞ்சியது ஐந்து.

"டேய் கண்ணு, நாத்தம் வர்றதுக்குள்ள கொண்டுபோய் ஏரிக்கரையில போட்டுட்டு வந்துடு" என்றார் அம்மா. யூரியா சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து நான்தான் கொண்டுபோனேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சாக்கைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போதே காக்கை இறங்கிவிட்டது. நாய் வந்தது. எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளிலும் இதே கதைதான், இதே ஏரிக்கரைதான்.

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் யாரோ பறவைக் காய்ச்சல் என்று ஒரு செய்தியை அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "இது கொக்கு கொண்டாந்த சீக்குடா. ராத்திரி பூரா அந்தப் புளியமரத்துல அடையுது, எச்சமாப் போட்டுத் தள்ளுது. வேற எங்கிருந்து வரும்?" ஏரிக்கரைப் புளியமரத்தில் கொக்குகள் கூட்டமாக அடைவது உண்மை. இரண்டு ராத்திரி பட்டாசு வெடித்தார்கள். மூன்றாம் நாள் கொக்கு ஒன்றுகூட இல்லை. பக்கத்து ஊர் ஏரி மரத்துக்குப் போய்விட்டன. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நானும் ஒரு சரம் கொளுத்தினேன்.

அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து, கடைசியாகச் செத்த ஒரு கோழியைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மா அதை அறுத்துப் பார்த்தார். மாதிரி எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார். சில நாள் கழித்து, "ராணிக்கெட்டுப்பா, நம்ம ஊர்ல வெள்ளைக் கழிச்சல்னு சொல்வாங்களே, அது. பறவைக் காய்ச்சல் இல்ல" என்றார். பிறகு, "செத்த கோழியெல்லாம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"ஏரிக்கரையில போட்டேன் மேடம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நல்ல வேளை, ராணிக்கெட்டாப் போச்சு. பறவைக் காய்ச்சலா இருந்திருந்தா, கொக்கு உனக்குக் குடுத்ததா, நீ கொக்குக்குக் குடுத்தியான்னு யாருப்பா கண்டுபிடிக்கறது?"

19 கோழி செத்ததை நல்ல வேளை என்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. டாக்டர் அம்மாவிடமும், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், நம் லைப்ரரியிலும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் வைரஸ். இது இன்ஃபுளுயன்சா ஏ என்ற இனம். அதன் மேலோட்டில் இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று ஹீமக்ளூட்டினின், சுருக்கமாக எச். இன்னொன்று நியூராமினிடேஸ், சுருக்கமாக என். முதலாவது செல்லுக்குள் நுழைய உதவுவது, இரண்டாவது உள்ளே பெருகியபின் வெளியேற உதவுவது. பறவைகளில் எச் 16 வகை, என் 9 வகை. பேப்பரில் வரும் எச்5என்1, எச்5என்8 எல்லாம் இந்தக் கணக்குதான், நம் போல்ட்டுக்கு எம்8, எம்10 என்று பெயர் வைப்பதுபோல.

இந்த வைரஸின் சொந்த வீடு கோழி இல்லை. காட்டு வாத்து, பெருவாத்து, கடற்காக்கை, உள்ளான் போன்ற நீர்ப்பறவைகள்தான். ஆயிரக்கணக்கான வருஷமாகக் கூடவே வாழ்ந்ததால் பெரும்பாலும் அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. குடலில் இருந்து பெருகும், எச்சத்தோடு தண்ணீரில் விழும், அந்தத் தண்ணீரைக் குடிக்கிற அடுத்த வாத்துக்குப் போகும். குளிர்ந்த தண்ணீர் இதற்கு ரொம்பப் பிடிக்கும். எச்சத்தில் இந்த வைரஸ் 4 டிகிரி குளிரில் 35 நாளாவது உயிரோடு இருக்கும் என்றும், 37 டிகிரி வெப்பத்தில் 6 நாள் இருக்கும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் தருமபுரி வெயிலுக்குச் சீக்கிரம் சாகும் என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனாலும் ஆறு நாள் என்பது சின்னக் கணக்கா? ஆறு நாளில் ஒரு முட்டை லாரி எங்கெங்கே போய்விட்டு வரும்!

இந்தச் சாதுவான வைரஸ் கோழிக்குள் வந்தால் என்ன ஆகிறது? இங்கேதான் நம் ஒர்க்ஷாப் பாடம் உதவுகிறது. சாதாரண வகையின் எச் புரதத்தை ஒரு இடத்தில் வெட்டிவிட்டால்தான் அது வேலை செய்யும். அதை வெட்டும் நொதி, பறவையின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் மட்டுமே உண்டு. ஒரே ஒரு அளவு ஆலன் கீ போட்டால்தான் கழலும் போல்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீ இல்லாத அறைக்குள் வைரஸ் நுழைய முடியாது. அதனால் நோய் லேசாகவே நிற்கும். ஆனால் எச்5, எச்7 என்ற இரண்டு வகைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆயிரக்கணக்கான கோழி நெருக்கியடித்து நிற்கும் ஷெட்டில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வேகமாகத் தாவும்போது, அந்த வெட்டும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்ந்துவிடுகின்றன. பிறகு எந்த ஸ்பேனர் போட்டாலும் கழலும் போல்ட் ஆகிவிடுகிறது. உடம்பு முழுக்க உள்ள நொதியே அதை வெட்டிவிடும். மூளை, இதயம், ஈரல் என்று எல்லா இடத்திலும் வைரஸ் பெருகும். ஷெட்டில் இரண்டு மூன்று நாளில் அநேகமாக எல்லாமே போய்விடும்.

இது கற்பனை இல்லை. 1983இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஏப்ரல் மாதம் எச்5என்2 கோழிப் பண்ணைகளில் லேசான நோயாகத்தான் வந்தது. அக்டோபருக்குள் அதுவே கொடிய நோயாக மாறி, அடக்குவதற்குள் 1.7 கோடி பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. ஆக, காட்டு வாத்து கொடுத்தது சாதுவான சரக்கு. அதைக் கொலைகாரனாக்கியது ஷெட்.

இன்றைக்கு உலகத்தை ஆட்டும் எச்5என்1 குடும்பத்தின் மூத்த ஆள் 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணைப் பெருவாத்து ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருஷமே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் இறந்தார்கள். அங்கிருந்த கோழிகளையெல்லாம் அழித்தார்கள். அப்படியும் தீரவில்லை. 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்து மிதந்தன. அவற்றில் பட்டைத்தலை வாத்துகள் அதிகம். பண்ணையில் கொடியதாக மாறிய வைரஸ் திரும்பவும் காட்டுப் பறவைக்கே போய்விட்டது! அதற்கப்புறம் அது ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று சிறகு முளைத்துப் பரவியது. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்தப் பாதை ஒருவழிச் சாலை இல்லை. ஏரியிலிருந்து கொட்டகைக்கும் வரும், கொட்டகையிலிருந்து ஏரிக்கும் போகும்.

பட்டைத்தலை வாத்து நமக்கு அந்நியர் இல்லை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கு வருகிறது. 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததை அளந்திருக்கிறார்கள். திருநெல்வேலி கூந்தன்குளம் வரைக்கும் வரும். 2020 டிசம்பர் கடைசியில் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை ஏரியில் இந்த வாத்துகள்தான் ஆயிரக்கணக்கில் செத்தன. அதே வாரங்களில் ராஜஸ்தான் ஜாலாவாரில் காக்கைகள் செத்து விழுந்தன. அதே சமயம் கேரளத்தில், ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களின் வளர்ப்பு வாத்துகளில் எச்5என்8. நம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகளுக்கு மருந்து தெளித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நாம் அப்போது பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த பிள்ளைகள்.

கேரளத்தின் குட்டநாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் ஊர். வேம்பநாட்டுக் காயலும் வாய்க்காலும் வயலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்க ஆயிரக்கணக்கில் வாத்தை இறக்கிவிடுவார்கள். அதே வயலில் அதே நெல்லுக்கு வலசை வந்த வாத்தும் உள்ளானும் இறங்கும். ஒரே தட்டில் விருந்தாளியும் வீட்டுக்காரனும் சாப்பிடுவது போல. 2014 நவம்பரில் அங்கே எச்5என்1 வந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாத்துகள் போயின. 2016இல் எச்5என்8. 2020 கடைசியில் திரும்பவும் எச்5என்8. 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனை ஊராட்சிகளில் எச்5என்1. ஒரே இடத்தில் இத்தனை தடவையா என்று கேட்கத் தோன்றும். வாத்துகளின் உடம்பில் சில வகை வைரஸ் நோயைக் காட்டாமலே தங்கும். வெளியே நன்றாகத்தான் மேயும், உள்ளே எச்சத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். ஒரு வயல் முடிந்ததும் அந்த மந்தையை அடுத்த வயலுக்கு ஓட்டுவார்கள். வாத்து தன் இறக்கையால் போகாத தூரத்துக்கு வண்டியிலும் படகிலும் போகும்.

தமிழ்நாட்டிலும் ஆரணி, திருவள்ளூர் பக்கத்து வாத்துக்காரர்கள் அறுப்பைத் தொடர்ந்து மாவட்டம் விட்டு மாவட்டம் மேய்ச்சலுக்குப் போகிறவர்கள்தானே. இதனால் வாத்துக்காரர்களைத் துரத்த வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கொக்குக்குப் பட்டாசு வெடித்த புத்திசாலித்தனம்தான் அதுவும்.

ஏரியில் இருக்கும் வாத்து நம் வீட்டுக் கொடாப்புக்குள் வருவதில்லையே, பின் எப்படிக் கோழிக்கு வரும்? இடையில் ஆள் இருக்கிறார்கள். காக்கை, மைனா, சிட்டுக்குருவி, கொக்கு இவை எல்லாம் ஏரிக்கும் போகும், நம் வாசலுக்கும் வரும். செத்த பறவையைக் கொத்திய காக்கை நம் கோழித் தட்டில் வந்து தண்ணீர் குடிக்கும். இவற்றைப் பாலப் பறவைகள் என்று சொல்லலாம். ஆனால் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் பரவுவதில் பெரிய பாலம் பறவை இல்லை, மனுஷன். செருப்பில் ஒட்டிய எச்சம், கழுவாத லாரி டயர், ஒரு பண்ணையில் இறக்கி இன்னொரு பண்ணையில் ஏற்றும் முட்டை அட்டை, தீவனச் சாக்கு, தடுப்பூசி போட ஷெட் ஷெட்டாகப் போகும் ஆள், பத்து ஊர்க் கோழியைக் காலைக் கட்டி ஒரே இடத்தில் போடும் சந்தை. காட்டுப் பறவை கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுவருகிறது, உண்மைதான். 2021 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கனடாவில் எச்5என்1 தெரிந்தது. 2022இல் தென் அமெரிக்கா, 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா பெருநிலம் வரை போய்விட்டது. ஆனால் வந்திறங்கிய பிறகு தெருத்தெருவாகக் கொண்டுசேர்ப்பது நாம்தான்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். சீக்கு வந்ததும் இரண்டு சேவலைச் சந்தையில் விற்றோம். அங்கிருந்து அவை எந்த ஊருக்குப் போயினவோ. செத்ததை ஏரிக்கரையில் கொட்டிக் காக்கைக்கும் நாய்க்கும் விருந்து வைத்தேன். அதே சைக்கிளை, அதே செருப்பைக் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைசியாக, ஒரே மரத்தில் அடங்கி இருந்த கொக்குகளை வெடிபோட்டுப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவைத்தோம். பறவைக் காய்ச்சல் வைரஸே ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக யாரும் செய்திருக்க மாட்டார்கள். காட்டுப் பறவைகளைக் கொல்வதும் துரத்துவதும் நோயை இன்னும் சிதறடிக்கும் என்று உலக அமைப்புகள் சொல்வதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்களுக்கு வந்தது ராணிக்கெட் தானே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். முதல் நாள் பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தூங்கி வழிதல், கழிச்சல், கழுத்துத் திருகல், திடீர்ச் சாவு. கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல டாக்டராலும் முடியாது. பறவைக் காய்ச்சல் என்ற சந்தேகம் வந்தால் மாதிரி போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்குப் போக வேண்டும். அதுவரை அது வெறும் "கோழிச் சீக்கு". அந்த நாட்களில்தான் நாம் விற்கிறோம், கொட்டுகிறோம், அறுத்துச் சாப்பிடுகிறோம்.

உறுதியானால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவை அத்தனையையும் அழிப்பார்கள், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. இந்தியாவில் முதல் தடவை 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைகளை அழித்தார்கள். நோய் நாமக்கல்லுக்கு வரவே இல்லை. ஆனாலும் இங்கே முட்டை விலை சரிந்தது. 2008 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் பீர்பூம் மாவட்டத்தில் ஆரம்பித்து மாவட்டம் மாவட்டமாகப் பரவி, சுமார் 40 லட்சம் பறவைகளை அழித்தார்கள். அங்கே போனவை பெரும்பாலும் பெரிய பண்ணைக் கோழிகள் இல்லை, எங்கள் வீட்டில் இருப்பது போன்ற கொல்லைக் கோழிகள். ஜனங்கள் கோழியைப் பானைக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் ஒளித்தார்கள், ராத்திரியோடு ராத்திரியாகச் சொந்தக்காரர் ஊருக்குக் கடத்தினார்கள். அதனாலேயே இன்னும் பரவியது.

அதைப் படித்தபோது அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அம்மா ஒளிப்பாரா? சத்தியமாக ஒளிப்பார். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து இழப்பீடு தருகின்றன. ஆனால் அழிக்கிற ஆள் இன்றைக்கு வருகிறார், பணம் என்றைக்கு வரும் என்பது ஏழைக்கு எப்போதும் இரண்டாவது கேள்வி இல்லை, முதல் கேள்வி. என் கருத்து, இழப்பீடு கையில் எண்ணிக் கொடுக்கப்படுமானால் கோழி தானாகக் கொடாப்பை விட்டு வெளியே வரும். சட்டம் படிக்கிறவர்கள் யாராவது இதைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும்.

மனுஷனுக்கு வருமா என்று ஹாஸ்டலில் இதைப் பற்றிப் பேசியபோது எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான். வரும், ஆனால் சுலபமாக வராது. நம் மூக்கு, தொண்டை செல்களின் பூட்டு வேறு, பறவையின் பூட்டு வேறு. நோய்ப் பறவையோடு நெருங்கிப் புழங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து. 2003இலிருந்து உலகத்தில் எச்5என்1 தொற்றியவர்கள் 900 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். நம் நாட்டில் 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுப் பையன் டெல்லியில் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்றைக் குழந்தை தின்றதாக வீட்டார் சொன்னார்கள் என்று செய்தியில் வந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு நான் அன்றைக்கு மெஸ்ஸுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டிலும் கோழி அறுக்கும்போது அக்கா குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்து இறகைப் பிடித்து விளையாடும்.

வெந்த கறியில், வெந்த முட்டையில் பயமில்லை. உள்வரைக்கும் 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் செத்துவிடும். நம் குழம்பு அதைத் தாண்டிக் கொதிக்கிறது. ஆபத்து இருப்பது அறுக்கிற கத்தியிலும் கையிலும் பச்சை ரத்தத்திலும்தான். இந்த வைரஸுக்குக் கொழுப்பால் ஆன உறை இருப்பதால் சாதாரணச் சோப்பே அதைக் கரைத்துவிடும். நாம் கையில் கிரீஸ் போக்கத் தேய்க்கிற தேய்ப்பில் பாதி போதும். ஆஃப்பாயில் பிரியர்கள் மட்டும், நோய் இருக்கும் சமயத்தில் கொஞ்ச நாள் மனதைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்!

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "படிக்கப் போனது மெசினு, பேசறது கோழி வைத்தியமா?" என்றார். சேவல் விற்றது தப்பு என்று நான் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "அந்த ரெண்டு சேவல் காசுதான்டா உனக்குப் பரீச்சை பீஸ் கட்டினது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஆனால் மறுவாரம் தண்ணீர்த் தட்டைத் திறந்த வாசலிலிருந்து எடுத்து, கொட்டகைக் கூரைக்கு அடியில் வைத்திருந்தார். மேலே ஒரு பழைய மீன்வலை. காக்கை, குருவி இறங்காது. கோழிக் கொட்டகைக்கு என்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தனியாகக் கிடக்கிறது. அதை வேறு எங்கும் போடக் கூடாது, என்னையும் சேர்த்து. புதிதாகக் கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனிக் கொடாப்பு. இதற்கெல்லாம் ஆன செலவு அந்தச் செருப்பு மட்டும்தான். செத்த கோழிக்குக் குழி என்பதற்குத்தான் ரொம்ப நாள் முணுமுணுப்பு இருந்தது. நாய் தோண்டாத ஆழம் என்றால் எங்கள் பாறை மண்ணில் கடப்பாறை வேலை. நானே லீவில் ஒரு குழி எடுத்து, பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டை ஒன்றும் வாங்கி வைத்தேன். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "யாருக்குடா இது?" என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில், "அப்ப கொக்கு ஒண்ணும் பண்ணலியா?" என்று கேட்டார். "பண்ணும் பெரியப்பா, ஆனா நாம பண்ணின அளவுக்கு இல்ல" என்றேன். அரை மனதோடு போனார்.

கொக்குகள் ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் அந்தப் புளியமரத்துக்குத் திரும்பின.

ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி உண்டு. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இரண்டு வாரம் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் இலவசமாக நடத்துகிறது. இத்தனை வருஷமாக நடந்தும் எங்கள் வீட்டில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. இந்த பிப்ரவரியில் விடியற்காலை நாலரை மணிக்கு நானும் அம்மாவும் டார்ச் லைட்டோடு எழுந்து, கோழி இறங்குவதற்குள் பிடித்துக் கொடாப்பில் கவிழ்த்தோம். இப்போது எங்களிடம் 14 இருக்கின்றன. 13க்குப் போட்டாயிற்று. ஒரு வெடை மட்டும் கையிலிருந்து நழுவி, ஏரிக்கரைப் புளியமரத்தில் கொக்குகளோடு போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் வரை இறங்கவில்லை. அதற்கு அடுத்த முகாமில்தான்.